உப்பு போட்ட டீ, குதிரைப் பால், கையில் சூடான கல்... மங்கோலியாவில் என்னதான் சாப்பிடுவது?

நம்மூர் சைனீஸ் ரெஸ்டாரன்ட் மெனுவைப் புரட்டினால் எங்கேயாவது ஒரு மூலையில் 'மங்கோலியன் சிக்கன்' இருக்கும். சோயா சாஸ், குடைமிளகாய், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காரம். அந்தச் சுவையை மனசில் வைத்துக்கொண்டுதான் ஆகஸ்ட் மாசம் உலான்பாத்தரில் போய் இறங்கினேன். பத்து நாள் பயணம். அந்த டிஷ்ஷை எங்கேயும் பார்க்கவில்லை. கூட வந்த கைடு பெண்ணிடம் போட்டோ காட்டிக் கேட்டேன். "இது எந்த ஊர் சாப்பாடு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

விஷயம் இதுதான். 'மங்கோலியன் பார்பெக்யூ' பிறந்த இடம் மங்கோலியா இல்லை, தைவான். பீஜிங்கிலிருந்து தைபேவுக்கு வந்த வூ சாவோநான் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1951-ல் தொடங்கிய கடையில் ஆரம்பித்தது அது. கடைக்கு பீஜிங் பெயரை வைத்தால் அரசியல் வம்பு வரும் என்ற காலம். அதனால் 'மங்கோலியன்' ஆகிவிட்டது. மங்கோலியன் பீஃப், மங்கோலியன் சிக்கன் எல்லாம் அதே குடும்பத்து உறவுகள்தான். மங்கோலியர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அப்போ ஒரிஜினல் மங்கோலியச் சாப்பாடு எப்படி இருக்கும்? மசாலா கிடையாது. மிளகாய் கிடையாது. இஞ்சி-பூண்டு விழுது பற்றிப் பேச்சே வேண்டாம். இறைச்சி, பால், மாவு, உப்பு. முதல் மூணு நாள் எனக்கு "என்னப்பா இது, எல்லாமே ஒரே மாதிரி இருக்கு" என்றுதான் இருந்தது. நாலாவது நாள்தான் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பது புரிந்தது. அது புரிஞ்சதுக்கு அப்புறம் சாப்பாடும் பிடிக்க ஆரம்பித்தது.

சைவமும் அசைவமும் மாசத்தைப் பொறுத்தது

நம்மூரில் சைவம், அசைவம் என்பது ஆளைப் பொறுத்த விஷயம். மிஞ்சிப்போனால் கிழமையைப் பொறுத்தது. புரட்டாசி வந்தால் ஒரு மாசம். மங்கோலியாவில் அது பருவத்தைப் பொறுத்தது. கோடையில் 'சகான் இதே', அதாவது வெள்ளை உணவு. பால், தயிர், ஆடை, பாலாடைக்கட்டி. குளிர்காலத்தில் 'உலான் இதே', சிவப்பு உணவு. இறைச்சி. (உலான்பாத்தர் என்றால் 'சிவப்பு வீரன்' என்று அர்த்தம். அதே உலான்தான்.)

ஏன் இப்படி? நாட்டின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். பாதிப் பேர் தலைநகரில் இருக்கிறார்கள். கால்நடைகளோ 5 கோடிக்கு மேல். செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, ஒட்டகம் என்று ஐந்து வகை. இதில் யாக் எருமையும் மாட்டுக் கணக்கிலேயே வரும். குளிர்காலத்தில் மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரி வரை போகும் ஊரில் பயிர் விளையும் மாசங்கள் ரொம்பக் குறைவு. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம், டர்னிப். காய்கறி என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால், புல் இருக்கிறது. கண்ணுக்கெட்டும் தூரம் வரை புல். மனிதனால் புல்லைத் தின்ன முடியாது. மாடு, குதிரை தின்று பாலாக்கித் தரும். அதுதான் மொத்தச் சமையலுக்கும் அடிப்படை.

வசந்தத்தில் குட்டி போட்ட விலங்குகள் கோடையில் பால் கொடுக்கும். அதே சமயம் வரப்போகும் குளிருக்காக உடம்பில் கொழுப்புச் சேர்க்கும். அந்த நேரத்தில் வெட்டினால் நஷ்டம். தவிர, ஃபிரிட்ஜ் இல்லாத புல்வெளியில் ஒரு மாட்டு இறைச்சியை வைத்து என்ன செய்வது? அதனால், கோடையில் கைவைப்பது குறைவு. நவம்பர், டிசம்பரில் விலங்குகள் நன்றாகக் கொழுத்திருக்கும்போது குடும்பத்துக்குத் தேவையான மாட்டையோ குதிரையையோ, கூடவே சில ஆடுகளையோ வெட்டி, வெளியிலேயே உறைய வைத்துவிடுவார்கள். குளிர்கால இறைச்சிக்கான இந்தச் சேமிப்புக்கு 'இதேஷ்' என்று பெயர். நாடே ஃப்ரீசர்.

"இது டீ இல்ல, ரசம்னு நினைச்சுக்கோ"

உலான்பாத்தரிலிருந்து மேற்கே அர்ஹாங்காய் மாகாணத்துக்குப் போனோம். ஒரு நாள் முழுக்க கார். பாலுக்கும் பால் பொருளுக்கும் பெயர் போன பகுதி. அங்கேதான் முதன்முதலாக ஒரு மேய்ச்சல் குடும்பத்தின் 'கெர்'ருக்குள் நுழைந்தேன். கெர் என்பது வட்டமான கம்பளிக் கூடாரம். நடுவில் இரும்பு அடுப்பு. எரிபொருள் என்ன தெரியுமா? வறட்டி. காய்ந்த சாணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அர்கல்'. புல்வெளியில் மரம் கம்மி, சாணம் அதிகம். நம்ம கிராமத்து அடுப்படி வாசனையை அவ்வளவு தூரத்தில் எதிர்பார்க்கவே இல்லை.

உள்ளே போகும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது. தாண்டித்தான் போக வேண்டும். நம்ம பாட்டி சொன்ன அதே ரூல். விருந்தாளி இடதுபக்கமாகப் போய் உட்கார வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு தூண்களுக்கு இடையே புகுந்து போகக் கூடாது. அடுப்பில் குப்பையைப் போடக் கூடாது. நெருப்பு அவர்களுக்குப் புனிதமானது.

உட்கார்ந்த அடுத்த நிமிஷம் ஒரு கிண்ணம் வந்தது. 'சூட்டே சாய்'. பால் டீ. செங்கல் மாதிரி அழுத்திய தேயிலையை உடைத்துப் போட்டு, கொதிக்க வைத்து, பால் ஊற்றி, பெரிய கரண்டியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். நம்ம டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதைப் போலவே. ஆசையாக ஒரு வாய் குடித்தேன். உப்பு!

சர்க்கரை அந்த மண்ணில் விளையாத பொருள். உப்பு ஏரிகளோ உண்டு. அதனால், டீக்கு உப்பு. என் முகம் போன போக்கைப் பார்த்து கைடு சிரித்துவிட்டு, "டீ-னு நினைச்சுக் குடிக்காதீங்க, சூப்-னு நினைச்சுக் குடிங்க" என்றார். என் தோழி அதைத் தமிழ்ப்படுத்தினாள். "ரசம்னு நினைச்சுக்கோ." அவ்வளவுதான், இறங்கிவிட்டது. வறுத்த தினையைப் போட்டும் கொடுக்கிறார்கள், குட்டிக் கொழுக்கட்டை மாதிரியான 'பான்ஷ்' போட்டால் அதுவே மதியச் சாப்பாடு. ஊருக்குத் திரும்பும்போது இதைத்தான் ரொம்ப மிஸ் பண்ணினேன், சத்தியமாக.

கிண்ணத்தை வலது கையால், அல்லது இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வலது கையில் வாங்கும்போது இடது கை முழங்கையைத் தாங்கியபடி இருந்தால் கூடுதல் மரியாதை. குடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைக்கலாம். வாங்கவே மறுப்பதுதான் தப்பு.

தோலில் ஊறும் குதிரைப் பால்

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தோல் பை தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டுத் தோலில் தைத்தது. 'ஹோஹூர்' என்கிறார்கள். அதற்குள் ஐராக். குதிரைப் பாலைப் புளிக்க வைத்த பானம்.

குதிரை நம்ம மாடு மாதிரி ஒரே தடவையில் செம்பு நிறையக் கொடுக்காது. மடி சின்னது. அதனால் பகல் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறக்கிறார்கள். குட்டியைப் பக்கத்தில் கட்டி, முதலில் அதை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்து நிறுத்திவிட்டுக் கறக்க வேண்டும். கறந்த பாலைப் பழைய ஐராக் இருக்கும் பையில் ஊற்றி, மரத்துடுப்பால் நூற்றுக்கணக்கான தடவை கடைகிறார்கள். யார் உள்ளே வந்தாலும் போகிற போக்கில் துடுப்பைப் பிடித்து நாலு குத்து குத்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நானும் குத்தினேன். பத்துக்கு மேல் கை வலித்துவிட்டது. இந்தத் தோல் பை முறையையும் அதைச் சுற்றியுள்ள வழக்கங்களையும் 2019-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சுவை? நாலு நாள் புளித்த மோரில் கொஞ்சம் சோடா விட்ட மாதிரி. சுருக்கென்று ஏறும். ஆல்கஹால் 2 சதவிகிதம் அளவுக்கு இருக்கும். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. இதைவிட முக்கியம் வயிறு. குதிரைப் பாலில் மாட்டுப் பாலைவிட லாக்டோஸ் அதிகம். பச்சையாகக் குடித்தால் வயிறு கலக்கிவிடும். புளிக்கும்போது நுண்ணுயிரிகள் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. அப்படியும் முதல் நாளே மூணு கிண்ணம் குடித்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வண்டியில் வந்த ஒருவர் நிரூபித்துக்காட்டினார். ஆள் யார் என்று சொல்லப்போவதில்லை. அது நான்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரும்பாலான மங்கோலியர்களுக்கு, வளர்ந்த பிறகும் லாக்டோஸை ஜீரணிக்க உதவும் மரபணு மாற்றம் கிடையாது. ஆனாலும், பாலிலேயே வாழ்கிறார்கள். அந்தப் புல்வெளியில் கிடைத்த பழங்காலத்து மனிதர்களின் பல் காரையை ஆராய்ந்தபோது, சுமார் 5,000 வருஷம் முன்பே அங்கே பால் குடித்ததற்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது. இவர்கள் வயிறு எப்படிச் சமாளிக்கிறது என்பதை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். புளிக்க வைக்கும் பழக்கம் அதில் ஒரு பங்கு என்பது மட்டும் தெளிவு.

சுத்த சைவம் பிழைத்த கதை

என் தோழி முட்டைகூடத் தொடாதவள். மங்கோலியா என்றதும் வீட்டில் எல்லோரும் "அங்க போய் என்னத்தைச் சாப்பிடுவ?" என்றுதான் கேட்டார்கள். அவளும் பை நிறைய பருப்புப்பொடி, புளியோதரை மிக்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாதி அப்படியே திரும்பி வந்தது.

காரணம், நாங்கள் போனது வெள்ளை மாசங்களில். காலையில் 'ஓரோம்'. பாலை மெதுவாகச் சூடாக்கி, கரண்டியால் மொண்டு ஊற்றி நுரைக்க வைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் விரல் தடிமனுக்குப் பாலாடை கட்டும். அதை அப்படியே மடித்து எடுத்து ரொட்டியில் தடவுகிறார்கள். சின்ன வயசில் பாலாடைக்குச் சண்டை போட்டவர்கள் இதற்காகவே டிக்கெட் எடுக்கலாம். 'தாரக்' என்றால் தயிர். கெட்டியாக, புளிப்பாக. 'பியாஸ்லக்' என்பது கிட்டத்தட்ட நம்ம பனீர். 'போர்ட்சாக்' என்று எண்ணெயில் பொரித்த மாவு பிஸ்கட். இதையும் சைவமாக இருப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பல வீடுகளில் ஆட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள்.

கெர் கூரையின் மேல் பலகையில் வெள்ளையாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. வடகம் காயவைத்த மாதிரியே. அது 'ஆரூல்'. புளித்த பாலைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அழுத்தி, துண்டு போட்டு வெயிலில் காய வைப்பது. கல் மாதிரி இருக்கும். கடிக்கக் கூடாது, பல் போய்விடும். வாயில் ஒதுக்கிக்கொண்டு ஊறவிட வேண்டும். குதிரையில் போகிறவர்களின் பையில் எப்போதும் இருக்கும் நொறுக்கு இதுதான்.

ஆனால், இதே தோழி பிப்ரவரியில் போயிருந்தால் பாடு திண்டாட்டம்தான். அப்போது பால் கறவை கிட்டத்தட்ட நின்றிருக்கும். கோடையில் செய்து வைத்த ஆரூல் இருக்கும், மற்றபடி இறைச்சிதான். சைவக்காரர்கள் போவதாக இருந்தால் ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் போவது நல்லது. 'பி மஹ் இத்தெக்குய்' என்றால் 'நான் இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று அர்த்தம். இதை மங்கோலிய எழுத்திலேயே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. உலான்பாத்தரில் சைவ உணவகங்கள் இருக்கின்றன, கவலை இல்லை. ஊர்ப்புறத்துச் சாலையோர மெஸ்ஸில் மட்டும் கவனம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் சூப்பிலிருந்து துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. கேட்டதைத்தான் செய்திருக்கிறார்கள்.

கல்லைப் போட்டு வேகவைக்கும் கறி

கிளம்புவதற்கு முதல் நாள் 'ஹோர்ஹோக்' செய்தார்கள். இதைப் பார்ப்பதற்காகவே நான் போனேன் என்று சொல்லலாம்.

ஆற்றிலிருந்து உருண்டையான, வழவழப்பான கற்களைப் பொறுக்கி வந்து நெருப்பில் போட்டுப் பழுக்க வைத்தார்கள். ஒரு பெரிய பால் கேன். அதில் கொஞ்சம் தண்ணீர், எலும்போடு வெட்டிய ஆட்டுக்கறி, அதன்மேல் சூடான கற்கள், மறுபடியும் கறி, மறுபடியும் கல். நடுநடுவே உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், உப்பு. மூடியை இறுக்கி, கேனை மறுபடி நெருப்பில் வைத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து கல், வெளியேயிருந்து தீ. கிட்டத்தட்ட பிரஷர் குக்கர். விசில் மட்டும் கிடையாது. அதனால், மூடியைத் திறக்கும்போது எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

ஒண்ணரை மணி நேரம் கழித்துத் திறந்ததும் முதலில் எடுத்தது கறியை இல்லை, கல்லை. கொழுப்பில் கறுத்து, பளபளவென்று இருந்த கல் ஆளாளுக்கு ஒண்ணு. அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். அசதி போகும், உடம்புக்கு நல்லது என்பது நம்பிக்கை. அசதி போச்சா தெரியாது, நான் போட்ட சத்தத்தில் அங்கே இருந்த குழந்தைகளுக்கு அன்றைய பொழுது நல்லா போச்சு.

கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. மசாலா எதையெல்லாம் மறைத்துவிடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விருந்தாளிக்கு முதலில் வருவது நல்ல கொழுப்புத் துண்டு. நம் கண்ணுக்கு அது 'ஒதுக்கி வைக்கிற' துண்டு. அவர்களுக்கு அதுதான் உச்சபட்ச மரியாதை. மைனஸ் 40 குளிரில் உயிரைப் பிடித்து வைப்பது கொழுப்புதானே.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. ஆகஸ்ட் என்பது ஆட்டை வெட்டும் மாசம் இல்லை என்று நாலு நாள் முன்னாடிதான் கைடு விளக்கியிருந்தார். பிறகு எதற்கு? "நீங்க வந்திருக்கீங்களே" என்றார் அந்த வீட்டு அம்மா. அவ்வளவுதான் பதில்.

அந்த ஒரு ஆட்டுக்கு என்ன மதிப்பு என்று புரிய 'ஸுட்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் மழை பொய்த்துப் புல் குறைந்து, அதற்குப் பின்னாலேயே கடும் பனி இறுகி மிச்சப் புல்லையும் மூடிவிட்டால் விலங்குகள் நின்ற இடத்திலேயே செத்துவிழும். 2023-24 குளிர்காலத்தில் அப்படி 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. மந்தை போன பல குடும்பங்கள் உலான்பாத்தரின் விளிம்பில் போய் கெர் போட்டுக்கொண்டு வேலை தேடுவது வருஷக்கணக்காக நடக்கிறது. நமக்கு ஒரு வேளை சாப்பாடு. அவர்களுக்கு எண்ணி வைத்த மந்தையில் ஒன்று குறைகிறது. அதனால் நேரடியாக மேய்ச்சல் குடும்பங்களோடு தங்கினால் வெறுங்கையோடு போகாதீர்கள். தேயிலை, மாவு, சர்க்கரை, குழந்தைகளுக்கு நோட்டு, கலர் பென்சில் எல்லாம் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். தங்கியதற்கான பணத்தை கைடு மூலமாக முன்பே பேசி முடித்துவிடுவது நாகரிகம்.

மற்றவை, சுருக்கமாக

சாலையோர மெஸ்களுக்கு 'குவான்ஸ்' என்று பெயர். அங்கே மூணு ஐட்டம் எப்போதும் கிடைக்கும். 'பூட்ஸ்' என்பது (காலில் போடுவது இல்லை) ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை. ஓரத்தில் சின்னதாகக் கடித்து, உள்ளே இருக்கும் சாறை முதலில் உறிஞ்சிவிடுங்கள். இல்லாவிட்டால் சட்டை போச்சு. 'சகான் சார்' என்ற சந்திரப் புத்தாண்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் இதை நூற்றுக்கணக்கில், சில வீடுகளில் ஆயிரக்கணக்கில் செய்து வெளியே வைத்து உறைய விடுவார்கள். 'ஹூஷூர்' என்றால் அதையே தட்டிப் பொரித்தது. ஜூலை 11 முதல் 13 வரை நடக்கும் நாடம் விழாவுக்குப் போனால் மல்யுத்தம், குதிரைப் பந்தயத்தைவிட ஹூஷூர் வரிசைதான் நீளம். 'சூய்வன்' கையால் வெட்டிய நூடுல்ஸ். நூடுல்ஸ் விரும்பிகளுக்கு ஊர் ஞாபகமே வராது.

'போர்ட்ஸ்' கிடைத்தால் சின்னத் துண்டு கேட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் மாட்டிறைச்சியை நீளநீளமாகக் கீறி கெர்ருக்குள் தொங்கவிட்டு, மரக்கட்டை மாதிரி ஆனதும் இடித்து வைப்பது. நம்ம உப்புக்கண்டத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. உப்பு, மஞ்சள் எதுவும் கிடையாது, குளிர்காற்று மட்டும்தான். ஒரு கைப்பிடி போட்டால் ஒரு சட்டி சூப்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் தயங்காமல் 'வேண்டாம்' சொல்லுங்கள். மர்மோட் என்ற பெரிய அணில் இனத்து விலங்கின் கறி. தோலுக்குள்ளேயே சூடான கல்லைப் போட்டு வேகவைக்கும் 'போதோக்' சமையலுக்குப் பேர் போனது அது. ஆனால், மர்மோட் பிளேக் நோயைச் சுமக்கும். வேட்டைக்கும் தடை இருக்கிறது. 2019-ல் பயான் உல்கீ மாகாணத்தில் மர்மோட்டின் உறுப்பைப் பச்சையாகச் சாப்பிட்ட ஒரு தம்பதி பிளேக்கில் இறந்துபோனார்கள். போதோக் சாப்பிட ஆசை என்றால் வெள்ளாட்டில் செய்வதும் உண்டு.

வயிறு நிறைந்துவிட்டால் சொல்ல வேண்டிய வார்த்தை 'சத்லா'. நன்றிக்கு 'பயர்லலா'. இரண்டையும் சொன்ன பிறகும் கிண்ணத்தில் டீ ஊற்றுவார்கள், அது வேறு விஷயம்.

கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா தோழியின் பையில் ஒரு பொட்டலம் ஆரூலைத் திணித்தார். அர்ஹாங்காயில் வாயில் போட்ட முதல் துண்டு உலான்பாத்தர் வந்து சேரும்போதும் அவள் கன்னத்தில் உப்பலாகத் தெரிந்தது. பேசச் சொன்னால் கையைக் காட்டினாள்.